இமை ஓரத்து வீக்கம்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நீயும் பாப்பாவும் சுகமா? உன் முதுகுவலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

மூன்று மாதமாக வீடியோவை அணைத்துவிட்டுப் பேசினேன் அல்லவா? நெட் சரியில்லை என்றது பொய். வலது மேல் இமையின் வெளி ஓரத்தில் மொச்சைக்கொட்டை அளவு வீக்கம். வலியில்லை. நீ பயந்துவிடுவாய் என்று மறைத்தேன்.

எங்கள் தையல்கூடத்தில் பட்டன் தைக்கும் காஜாக்காரர் என் அறையில்தான் இருக்கிறார். "எத்தனை ஆயிரம் பட்டன் தச்ச கை, அசையாம இருய்யா" என்று ஊசியைச் சுட்டுக் குத்தினார். தெளிந்த நீர் வடிந்து வீக்கம் வற்றியது. பத்தே நாளில் மறுபடி உப்பியது.

"அப்பாவுக்கு என் மேல கோவம், அதான் மூஞ்சியே காட்டல" என்று பாப்பா சொன்னதாகவும், இனி போனுக்கு வரமாட்டாள் என்றும் நீ சொன்னாயே, அன்று வீக்கம் இரண்டு மடங்கானது. அழுதால் அப்படி ஆகுமாம். மறுநாளே கண் டாக்டரிடம் போனேன்.

"கண்ணு என்ன சட்டைத் துணியா? கண்ணீர் சுரப்பியோட குழாய் அடைச்சு, தண்ணி பை மாதிரி தேங்கியிருக்கு. சின்னதா இருந்தா சும்மா பாத்துக்கிட்டா போதும். குத்தினா திரும்ப வரும், சீழும் பிடிக்கும்" என்று திட்டினார். என்னுடையது பெரிதாகிவிட்டதால் செவ்வாயன்று அறுவை செய்து பையை முழுதாக எடுத்துவிட்டார்கள். பார்வைக்குக் குறைவில்லை.

ஊரிலிருந்து யாராவது வந்தால் கண் துடைக்க இரண்டு கைக்குட்டை கொடுத்துவிடு. பாப்பாவையும் ஏதாவது எழுதச் சொல், திட்டி எழுதினாலும் சரி.

வெள்ளிக்கிழமை கண்கட்டோடு வீடியோவில் வருகிறேன். அவளிடம் முன்பே சொல்லிவை. வரமாட்டேன் என்றால் இழுத்து உட்கார வைக்காதே. வேலைக்கு மணி அடித்துவிட்டார்கள்.

உன் வீட்டுக்காரன்