தண்ணீர் இல்லாத கிணற்றில் ஓடிய மோட்டார்

என் மச்சானுக்கு,

உங்களிடம் சொல்லாதவரை எந்தச் சேதியும் எனக்குச் செரிப்பதில்லை. அதனால் எழுதுகிறேன்.

நம் மகன் பெற்ற கயல், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் என்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிறாள். படிப்புக்குப் பெயர் மெக்கட்ரானிக்ஸ். அது என்னவென்று புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு விளக்கிப் பேசச் சொல்லியிருந்தார்கள். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினாள்.

எந்திரம் ஓடினால் மட்டும் போதாதாம். நிலைமையைக் கவனிக்க ஒரு சென்சார், அது சொல்வதை வைத்து முடிவெடுக்க ஒரு சின்னக் கம்ப்யூட்டர், முடிவைச் செய்து காட்ட ஒரு மோட்டார். மூன்றையும் ஒன்றாக யோசித்துக் கட்டுவதுதான் அந்தப் படிப்பாம். அதுவரைக்கும் சரி. அடுத்த வரிதான் சுருக்கென்றது: “என் அப்பத்தா நிறுத்த மறந்ததால் எங்கள் கிணற்று மோட்டார் எரிந்துபோனது.”

“யாருடி சொன்னா?”

“அப்பாதான். பேரையூருக்கே தெரியுமே அப்பத்தா.”

தெரியாமல் என்ன? என் தம்பிகள் முன்னால் நீங்கள்தானே சொன்னீர்கள். அன்றைக்குக் கரண்டு இல்லை. வந்ததும் தானாக ஓடட்டும் என்று மோட்டார் ஸ்டார்ட்டரின் சுவிட்சை ‘ஆட்டோ’ பக்கம் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனீர்கள். நீலச் சட்டை, பாக்கெட் ஓரம் கிழிசல். நான் மேலக்காட்டில் பருத்திக்குக் களை எடுத்துக்கொண்டிருந்தேன். கரண்டு வந்தது எனக்கு எப்படித் தெரியும்? தண்ணீர் வற்றிய பிறகும் ஓடித்தான் எரிந்தது; வற்றியது மோட்டாருக்கு எப்படித் தெரியும்?

இதைச் சொன்னதும் கயல் பேனாவை மூடிவிட்டாள்.

“அந்த ஸ்டார்ட்டருக்குக் கரண்டு வந்தது மட்டுந்தான் தெரியும் அப்பத்தா. தண்ணியப் பாக்க அதுல ஒண்ணுமே இல்ல. நீ என்ன, கெணத்துக்குள்ளயா உக்காந்திருந்த?”

“இம்புட்டு வருசத்துல ஒருத்தரும் இதக் கேக்கலையேடி.”

“அப்ப தாத்தா பேரப் போட்டுரவா?”

“வேணாம். எம்பேர எடு.”

எடுத்துவிட்டாள். நேற்று அப்படியே பேசியும் விட்டாளாம். பிள்ளைகள் அந்த ஸ்டார்ட்டரைப் பற்றித்தான் அதிகம் கேட்டார்களாம்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஸ்டார்ட்டரை ‘ஆட்டோ’வில் போட்டதை மறந்து என்மேல் பழி சொன்னீர்களா, நினைவு இருந்தே சொன்னீர்களா?

உங்கள் திதிக்குத் தம்பிகள் இரண்டு பேரும் வருவார்கள். நடந்ததை அவர்கள் முன்னால் நானே சொல்வேன். சொல்லி முடித்த பிறகுதான் உங்களுக்குப் படையல் போடுவேன். அதுவரை பசித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை மகள், உங்கள் வீட்டுக்காரி