ஐஸ்கிரீம் கடையில், தற்செயலாக

வெள்ளி, ஜூன் 15

விடாத மழை. கரமனைத் தெரு முழுக்கச் சேறு. நாளைக்கு அரை நாள் லீவு கேட்டேன், சூப்பிரண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

செய்ய வேண்டியது: ஜாக்கெட் கொக்கி. மஞ்சள் புடவை இஸ்திரி. குடைக் கம்பி.

என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு இல்லை. வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் தெருவுக்கே தெரியும். மூன்று தடவை தெரிந்தாகிவிட்டது. அதனால் தம்பானூர் ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ், இரண்டாம் மாடி ஐஸ்கிரீம் கடை, ஐந்து மணி, 'தற்செயலாக'. அப்பா கண்ணாடி முன்னால் ஒத்திகை: "அடடே, நீங்க எங்கே இங்கே?" எனக்குச் சிரிப்பு. அம்மாவுக்கு வரவில்லை.

இடத்தைச் சொன்னது நான்தான். அது திறந்தபோது எனக்கு ஒன்பது வயது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நகரும் படியில் ஏழு தடவை ஏறினேன். நீரூற்றுக்கு அடியில் சிவப்பு விளக்கு. சொர்க்கம் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

சனி, ஜூன் 16

மழை இல்லை. புழுக்கம்.

சீ.

நீரூற்றுத் தொட்டியில் பாசி, பேப்பர் கப், ஒரு குழந்தைச் செருப்பு. நகரும் படி நின்று பல வருஷமாம். சும்மா படியாக ஏற வேண்டியது. கைப்பிடி தொட்டால் பிசுக்கு. மூலைக்கு மூலை வெற்றிலைத் துப்பல். பினாயில் வாடை, அதையும் மீறி மூத்திர வாடை. பாதிக் கடைகளில் ஷட்டர் இறங்கிக் கிடக்கிறது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணப் பெண் ஏறினாள்.

மாப்பிள்ளை வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அப்பா வசனத்தைப் பிசகாமல் சொன்னார். பிள்ளைக்கு பாங்க் வேலை; சாவிக்கொத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார். என் தண்ணீர் டம்ளரில் வேறு யாருடையதோ உதட்டுச் சாயம். அந்த அம்மாள் மெனு அட்டையை என் பக்கம் தள்ளினார்.

"கண்ணாடியை மறந்துட்டேன், கேட்டியோ. கொஞ்சம் உரக்க வாசியேன்."

திறந்திருந்த கைப்பையில் கண்ணாடிக் கூடு தெரிந்தது. என் கண்ணைச் சோதிக்கிறார்களாம். தொண்டையையும். மாட்டுக்குப் பல் பார்ப்பதுபோல. வாசித்தேன். வெனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா. பட்டர்ஸ்காட்சில் நாக்கு தடுக்கியது.

ஐந்தரைக்கு அப்பாவும் நானும் எழுந்தோம். அவர்கள் எழவில்லை. கொஞ்சம் இருந்துவிட்டுப் போகிறோம் என்றார்கள்.

கை கழுவப் போனேன். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, கயிறு. குழாயில் தண்ணீர் இல்லை. பச்சைப் பட்டில் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், செருப்பில் ஒட்டியதைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் பாட்டில் தண்ணீரை ஊற்றினேன். "தாங்க்ஸ் சேச்சி" என்றாள். என் தலைப்பூவைப் பார்த்துவிட்டு மலையாளத்திலிருந்து தமிழுக்கு மாறினாள்.

"பொட்டு நடுவுல இருக்கா, அக்கா?"

இருக்கிறது என்றேன்.

படியில் பாதி இறங்கியதும் அப்பாவின் செருப்பு வார் அறுந்தது. குனிந்து ஊக்குக் குத்திக்கொண்டிருந்தார். மேலிருந்து ஓர் ஆண் குரல்: "அடடே, நீங்க எங்கே இங்கே?" கொஞ்ச நேரம் கழித்துப் பெண் குரல், உரக்க. வெனிலா, ஸ்ட்ராபெரி, பிஸ்தா, பட்டர்ஸ்காட்ச். எங்கேயும் தடுக்கவில்லை.

அப்பாவுக்கும் கேட்டது. ஊக்கு எப்போதோ குத்தியாகிவிட்டது. அவர் தலை நிமிரவில்லை.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை குளித்தேன்.

ஞாயிறு, ஜூன் 17

மறுபடி மழை. பத்து மணிக்கு ஃபோன். அவர்களுக்கு என்னைப் பிடித்திருக்கிறதாம். அம்மா பாயசத்துக்குச் சேமியா வறுக்கப் போய்விட்டாள்.

இதை யார் படிக்கப் போகிறார்கள், உள்ளதை எழுதுகிறேன். ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. சின்ன வயசு, பட்டுப் புடவை, தடுக்காத நாக்கு, அப்படியும் நான்தான் என்று. நேற்று அங்கே மிதித்த எதுவும் எனக்கு இவ்வளவு அருவருப்பாக இல்லை.

வேண்டாம் என்றேன்.

"இருபத்தெட்டு வயசாச்சு, ஓர்மை இருக்கோ?" என்றாள் அம்மா. அப்பா காரணம் கேட்கவில்லை. மத்தியானம் அவரே ஃபோன் செய்து ஜாதகத்தைச் சாக்குச் சொன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"என்ன சொன்னா?" என்றேன்.

"சாரமில்லை, போகட்டும்னா. வெச்சுட்டா."

மூன்று மணி. அம்மா அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். இந்நேரம் பச்சைப் பட்டுக்காரி வீட்டில் ஃபோன் அடித்திருக்கும். அங்கேயும் சேமியா வறுப்பார்கள். அவள் பெயர், தெரு, ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. பொட்டு நடுவில் இருக்கிறது என்று மட்டும் சொல்லி உள்ளே அனுப்பினேன்.