செல்ஃப் எடுக்காத வண்டி

ஜூன் 12, புதன்

காலை ஷிஃப்டுக்குக் கிளம்பி பைக்கின் செல்ஃப் பட்டனை அழுத்தினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். வேறு யாராவது என்றால் கிக்கரை உதைத்துவிட்டுப் போயிருப்பார்கள். என் வலது காலுக்குள் கம்பி இருக்கிறது. போன வருஷம் கெலமங்கலம் ரோட்டில் லாரிக்கு ஒதுங்கப் போய் விழுந்ததிலிருந்து அந்தக் காலால் எதையும் உதைக்க முடியாது. செல்ஃப் இல்லையென்றால் எனக்கு வண்டியே இல்லை.

ஆட்டோ பிடித்து சிப்காட் போனேன். லேட்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "வுடு பிரவீனா. இனிமே கம்பெனி வேன்லயே போய்க்க." குரலில் ஒரு நிம்மதி. நிம்மதி!

ஜூன் 13, வியாழன்

வேனில் போய் வந்தேன். மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கிருந்து வீடு வரை நொண்டிக்கொண்டே நடை. லைனில் கூட வேலை செய்யும் ஜெயமணி, "பாவம், பாத்து போ" என்றாள். பாவமாம். அந்த வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது.

ஹாரன் அலறுகிறது. ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. அப்புறம் எதுதான் கோளாறு?

ஜூன் 15, சனி

மெக்கானிக் விமல்ராஜ் உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "ஸ்கூட்டி வாங்கிக்கங்கக்கா. லேடீஸுக்கு அதான் கரெக்டு." நான் கேட்டது அதையா?

செல்ஃபுக்குக் கரண்ட் அனுப்புகிற ரிலேதான் போயிருக்கும் என்று நானே புதுசு வாங்கி வந்து மாற்றினேன். மறுபடியும் அதே 'டிக்'. நான் நினைத்தது தப்பு. சரி, தப்புதான். அதனால் என்ன?

வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மெல்லச் சொன்னார். "நாளைக்கு குந்தாரப்பள்ளியிலருந்து வெங்கட் வரான். வண்டிய பாக்க."

"எந்த வண்டிய?"

"இதத்தான்."

என் சம்பளத்தில் வாங்கிய வண்டி. என் பேரில் இருக்கிற வண்டி. என்னை ஒரு வார்த்தை கேட்கல.

ஜூன் 16, ஞாயிறு

வெங்கட் வந்தார். ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து காது கொடுத்துக் கேட்டார். "இன்ஜின் நல்லாக்கீது" என்றார்.

"விக்கறதுக்கு இல்லண்ணா. டீ குடிச்சிட்டுப் போங்க" என்றேன்.

அவர் இவரைப் பார்த்தார். இவர் தரையைப் பார்த்தார். வெங்கட் டீ குடிக்காமலே போய்விட்டார்.

பிறகு சண்டை.

"என்னாத்துக்கு இவ்ளோ பிடிவாதம்? ரோட்ல கெடந்தவள அள்ளிகினு ஓடுனது நானு. நீ வர்றதுக்குக் கொஞ்சம் நேரமானாலும் எனக்கு..."

"உங்களுக்குப் பயமா இருந்தா நான் வூட்லயே கெடக்கணுமா? கால் போச்சு. வண்டியும் போகணுமா?"

இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அவர் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. எனக்கும்தான் பயம். லாரி பக்கத்தில் வந்தால் இப்பவும் கை வேர்க்குது. இருந்தும் ஏறினேன் இல்ல?

ஜூன் 17, திங்கள்

அவர் டிபன் பாக்ஸை அவரே கட்டிக்கொண்டு கிளம்பினார்.

ஜூன் 18, செவ்வாய்

பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயரை செல்ஃப் மோட்டாருக்குக் கொடுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஸ்பேனரின் பின்பக்கத்தால் மோட்டாரை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி கொடுத்தேன். 'கிர்ர்' என்று ஒரு சுற்று சுற்றி நின்றது. மோட்டார்தான்! கத்தியே விட்டேன்.

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு மோட்டாரை இறக்கிப் பிரித்தேன். உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்து துணுக்காகக் கிடக்கிறது. அது உரசுகிற செம்பும் கருகிவிட்டது. பிரஷ்ஷை மட்டும் மாற்றிப் பயனில்லை. புது மோட்டாரேதான்.

ஜூன் 20, வியாழன்

"யாரு மாட்றாங்க?" என்றார் புது மோட்டாரை எடுத்துக் கொடுத்த ஸ்பேர்ஸ் கடைக்காரர். நான்தான் என்றேன். "ரப்பர் ரிங்கு நசுங்காம பாத்துக்கங்கம்மா, இல்லன்னா ஆயிலு ஒழுகும்." அவ்வளவுதான் சொன்னார். அந்த மனுஷன் நல்லா இருக்கட்டும்.

குந்தி உட்கார முடியாது. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு, காலை நீட்டிக்கொண்டு மாட்டினேன். ரிங் நசுங்கியது. சொட்டுச் சொட்டாக ஆயில். கழற்றினேன். கடைக்குப் போய் வேறு ரிங் வாங்கி வந்தேன். இந்தத் தடவை ஒரு கையால் மோட்டாரைத் தாங்கினால் போல்ட் ஓட்டைக்கு நேராக வர மாட்டேன் என்கிறது.

பக்கத்தில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அவர்.

"நானே பண்ணிக்கறேன்."

"பண்ணு. நான் புடிச்சிக்கறேன்."

இரண்டு போல்ட்டையும் நானே டைட் செய்தேன். ஒயர்களை மாட்டினேன். பட்டனில் கட்டை விரலை வைத்தேன். அழுத்தினேன்.

எடுத்தது! தெருவே திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஆக்ஸிலேட்டரைத் திருகினேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

ஜூலை 5, வெள்ளி

இவருடைய கம்பெனி பஸ் போய்விட்டது. ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு வந்து பின்னால் ஏறினார். நான் விழுந்ததற்குப் பிறகு அவர் என் பின்னால் உட்காருவது இதுதான் முதல் தடவை. பாலத்தில் ஏறும்போது பக்கத்தில் ஒரு டிரெய்லர் வந்தது. என் தோளை இறுக்கிப் பிடித்தார். மெதுவா போ என்று சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"டைம் ஆவுது. கொஞ்சம் முறுக்கு" என்றார்.

முறுக்கினேன்.