அவர் இறங்காத கரை

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

நான் நலம். நீ கோபமாகத்தான் இருப்பாய். போன மாதமும் வர முடியவில்லை. இங்கே இழுவைப் படகு இழுத்துப்போகும் எங்கள் பார்ஜின் தட்டையான மேல்தளத்தில் மரம் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். கிரேனுக்கு நான் ஒருவன்தான். ஒரு கட்டையைக் கோணலாக வைத்தாலும் பாரம் ஒரு பக்கம் இழுத்துவிடும். வேலை முடிந்து இறங்கினால் கழுத்து திரும்ப மாட்டேன் என்கிறது.

அடுத்த சரக்கு நம் ஊர் மர ஆலைக்குத்தான். கட்டாயம் வீட்டுக்கு வருவேன்.

உன்
கடல்காரன்

மார்ச் 9

என் கடல்காரருக்கு,

கழுத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். அதற்கு நான் வர வேண்டியதில்லை. நேற்றுக் குழாய் ரிப்பேர்காரர், "வீட்ல சார் இல்லையாம்மா?" என்று கேட்டார். "தண்ணியில இருக்காரு" என்றேன். "மெதுவா குளிச்சிட்டு வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அவர் போனபிறகு இதைச் சொல்லக்கூட ஆளில்லை.

ஆலையில் கிரேன் ஓட்ட ஆள் தேடுகிறார்கள். என் அண்ணன் பேசிவிட்டார். நீங்கள் நேரில் வந்து முகம் காட்டினால் போதும். தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். இந்தத் தடவை நழுவாதீர்கள்.

உங்கள் வாயாடி

மார்ச் 16

அன்புள்ள வாயாடிக்கு,

ஊருக்கு எதிரேதான் நிற்கிறோம். ஆனால் இறங்க விடமாட்டோம் என்கிறார்கள். பார்ஜைச் சாய்த்து மரத்தைக் கடலில் கொட்டினால் ஆலைக்காரர்கள் கரைக்கு இழுத்துக்கொள்வார்கள்; நாங்கள் உடனே திரும்ப வேண்டுமாம். காய்கறி வாங்கச் சமையல்காரன் மட்டும் சின்னப் படகில் வருகிறான். அவனிடம்தான் இதைக் கொடுத்தனுப்புகிறேன். என் கையில் என்ன இருக்கிறது, சொல். அடுத்த மாதம் வருகிறேன் என்று ஆலையில் சொல்லிவை.

உன்
கடல்காரன்

மார்ச் 17

என் கடல்காரருக்கு,

சமையல்காரத் தம்பிக்கு நேற்று டீ போட்டுக் கொடுத்தேன். "அண்ணனும் வந்திருக்கலாம் அண்ணி. வீட்ல தங்கிட்டு வாங்கன்னு கேப்டனே சொன்னாரு. இவர்தான் வேணாம்னுட்டாரு" என்றார். என் முகத்தைப் பார்த்ததும் பாதி டீயோடு எழுந்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள்.

அவர் பின்னாலேயே கடற்கரைக்கு வந்து ஆலை மதில் ஓரமாக நின்றேன். பார்ஜுக்குள் ஒரு பக்கத் தொட்டிகளில் தண்ணீர் ஏற்ற ஏற்ற, அது மெல்லச் சாய்ந்தது. ரொம்ப நேரம் ஒன்றும் அசையவில்லை. அப்புறம் ஒரு கட்டை புரண்டது. அதன் பின்னாலேயே மொத்த மரமும் இடி இடித்த மாதிரி கடலில் சரிந்தது. பார்ஜ் துள்ளி நிமிர்ந்தது. தள்ளி நின்ற இழுவைப் படகில் இருந்தபடி நீங்கள் கைதட்டினீர்கள். பக்கத்தில் இருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். கரைவரை கேட்டது. வீட்டில் நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. நான் கூப்பிட்டிருந்தால் உங்களுக்குக் கேட்டிருக்கும். கூப்பிடவில்லை.

ஆலையில் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டு மாடி அறை காலியாக இருக்கிறது. நாளைக்கு அங்கே போகிறேன். நம் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கும்.

கடிதம் எழுதுங்கள். வருவேன் என்று மட்டும் எழுதாதீர்கள். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

வாயாடி