மூலைக்குப் போன குதிரை

மார்ச் 3

அக்கா,

போன்ல பேசினா சண்டைதான் வருது, அதான் லெட்டர். நல்லா இருக்கியா? நான் நல்லா இல்ல. நம்ம லெட்டர் ஆட்டத்துல நீ செஸ் போர்டையே நெருக்கி அடைச்சு வச்சதுல, நான் எழுதின செஸ் புரோகிராம் திருதிருன்னு முழிக்குது. வெட்ட ஏதாவது கிடைச்சா பாயும். ஒண்ணும் இல்லன்னா யானையை முன்னாடி வைக்குது, திரும்பப் பின்னாடி வைக்குது. இதுக்கா காலேஜை விட்டேன்? எரிச்சலா வருது.

பந்தயத்தை மறந்துடாத. என் புரோகிராம் உன்னை ஜெயிச்சா, என்னை என் போக்குல விடச்சொல்லி நீ அப்பாகிட்ட பேசணும். தோத்தா நான் காலேஜுக்குத் திரும்பறேன். காய் நகர்த்தறது முழுக்க மெஷின்தான். நான் கை வைக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 16

டேய் வாலு,

தேசிய செஸ் டீமோட ஊர் ஊரா சுத்தறேன், லேட்டானா திட்டாத. உன் மெஷின் வேலையத்த வாட்ச்மேன் மாதிரி கேட்டுக்குள்ளயே நடக்குது! கணக்கு நல்லாப் போடும், ஒத்துக்கறேன். எந்தக் காய் தப்பான இடத்துல உக்காந்திருக்குன்னு அதுக்கு என்னைக்கும் புரியாதுடா. அது மனுஷங்களுக்குத்தான் புரியும். சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியிருக்கேன். வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 2

அக்கா!

புரோகிராமைப் பாதி மாத்தி எழுதினேன். ஒவ்வொரு காயும் எங்க போய் உக்காந்தா உருப்படும்னு எடை போடச் சொன்னேன். காலையில யோசிக்க விட்டா, சாயங்காலம் குதிரையைத் தூக்கி மூலையில வைக்குது. லூசுன்னு நினைச்சேன். அப்புறம்தான் பார்க்கறேன், அங்கிருந்து சுத்தி வந்தா நேரா உன் ராஜா பக்கத்துல! நான் போட்ட சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்துட்டார்.

தம்பி

ஏப்ரல் 15

தம்பி,

அந்தக் குதிரையை நகர்த்தினது மெஷின் இல்ல, நீ. டீம்ல காட்டினேன், அசந்துட்டாங்க. மெஷின்னு ஒருத்தர்கூட நம்பல. ஏன்டா என்னையே ஏமாத்தற? நீதான்னு ஒத்துக்கோ. இப்படி ஆடத் தெரிஞ்சவன் காலேஜ் போகலைன்னாலும் பரவால்ல, அப்பாகிட்ட நான் பேசிக்கறேன். இல்ல, மெஷின்தான்னு பொய்யையே நீ சாதிச்சேன்னா பந்தயத்துல நீ தோத்தாச்சு.

அக்கா

ஏப்ரல் 27

அக்கா,

பயங்கர கடுப்புல எழுதறேன். மட்டமா ஆடினா மெஷின், நல்லா ஆடினா தம்பியா? எந்த ஊர் நியாயம் இது? பத்து ஜென்மம் எடுத்தாலும் எனக்கு அந்த நகர்த்தல் தோணாது. சின்ன வயசுலேர்ந்து என்னை அடிச்சுத் துவைச்சவ நீ, உனக்கே தெரியாதா?

'ஆமா, நான்தான்'னு ஒரு வரி எழுதினா தப்பிச்சுடுவேன். ரெண்டு தடவை எழுதினேன். கிழிச்சுட்டேன். அது ஆடினதை நான் ஆடினேன்னு சொல்ல மனசு வரல.

ஃபீஸ் கட்டச் சொல்லி அப்பாகிட்ட சொல்லிட்டேன். ஜூன்ல காலேஜ் போறேன். நான் தோத்ததா வச்சுக்கோ. ஏமாத்தினதா வச்சுக்காத.

இப்ப நகர்த்த வேண்டியது நீ. மெஷினை நான் ஆஃப் பண்ணல.

தம்பி