நான் எடுத்துத் தராத பிரஷ்

அக்கா,

இன்று காலை எழுந்ததும் முதலில் பல் துலக்கப் போனேன். பற்பசையின் புதினா வாசனை வந்ததும் பிரஷைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். நேற்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து உங்கள் மகள் அழைத்திருந்தாள்.

"ஆன்டி, அப்பாவுக்கும் நெஞ்சு ஆப்பரேஷனாம். அம்மாகூட நீங்கதானே இருந்தீங்க? என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?"

"யோசிச்சுச் சொல்றேன்மா" என்றேன்.

கிள்ளானில், நம் பள்ளி ஆசிரியர் அறையில், பதினோரு ஆண்டுகள் அடுத்தடுத்த மேசை. ஓய்வு நேரத்தில் நாசி லெமாக் தின்று முடித்ததும் பிரஷோடு குழாயடிக்குப் போவீர்கள்.

"யாரு அக்கா பொண்ணு பார்க்க வராங்க?" என்று சீண்டுவேன்.

"துலக்காத வாயோட நீ நடத்துற பாடம் கேக்குற பிள்ளைங்கதான் பாவம் லா" என்பீர்கள்.

உங்கள் நெஞ்சு ஆப்பரேஷன் முடிந்து வார்டுக்கு வந்ததும் நீங்கள் கேட்டதும் அதைத்தான். "வாயெல்லாம் கசக்குது. பிரஷ் எடு."

"ஒண்ணுமே சாப்பிடல, எதுக்குக்கா? கொப்பளிச்சா இருமல் வரும், தையல் இழுக்கும்."

தாதி கொப்பளிக்கும் மருந்தை வைத்து, வாயைச் சுத்தமாக வைக்கச் சொன்னார். "இப்ப தூங்கட்டும் மிஸ்ஸி, அப்புறம் செய்யறேன்" என்றேன். மூன்று நாளும் செய்யவில்லை. இருமும்போது உங்கள் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

நான்காம் நாள் காய்ச்சல். நுரையீரலில் சளி கட்டி, கிருமி. வாயில் பெருகும் கிருமி மூச்சோடு கீழே இறங்கக்கூடும் என்றார் மருத்துவர். "அதனாலதான்னு சொல்ல முடியாதும்மா, பல காரணம் இருக்கலாம்" என்றும் சொன்னார். நீங்கள் எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். உங்கள் மகளோ, அம்மாவைக் கண்போல் பார்த்துக்கொண்ட ஆன்டி என்று என்னை ஊரெல்லாம் சொல்கிறாள்.

மென்மையான பிரஷ் ஒன்றைப் பையில் எடுத்து வைத்திருக்கிறேன். ஆப்பரேஷனுக்கு முன்பே அப்பாவைப் பல் மருத்துவரிடம் காட்டு, பிறகு வேளை தவறாமல் வாயைச் சுத்தம் செய்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஆனால் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று முனகும்போது, அவளுக்கும் என்னைப்போல மனம் இளகிவிடும். அப்போது அவள் பிரஷைக் கீழே வைத்துவிடாமலிருக்க, வெறும் அறிவுரை போதாது.

அதனால் மாலையில் போய், நீங்கள் கேட்டதையும் நான் மறுத்ததையும் அவளிடம் சொல்லப்போகிறேன். வீட்டில்கூட இன்னும் சொல்லவில்லை, அக்கா. உங்களிடம்தான் முதலில்.