நாத்தனார் பிடித்த கிரகம்

14-8-2004, சனி

மகனுடைய கம்ப்யூட்டரில் நாத்தனாரும் நானும் மாறி மாறி ஆடும் விண்வெளி விளையாட்டில் இன்று எனக்கு அவமானம். இரண்டு கிரகங்களில் உணவு உபரியான பிறகே மூன்றாவதில் குடியேறுவது என் முறை. அவளோ வந்த வேகத்தில் கண்ட இடத்திலெல்லாம் ஆளை இறக்குகிறாள். எனக்கென்று நான் விட்டுவைத்திருந்த பச்சைக் கிரகத்தையும் பிடித்துவிட்டாள்.

"அது என் எல்லைக்குள் இருக்கிறது" என்றேன்.

"கொடி ஊனாம எல்லை ஏது மதினி? அண்ணனும் நீங்க யோசிச்சு முடிப்பீகன்னு காத்துக் காத்தே போய்ச் சேந்தாக."

இறந்தவரை இழுத்தது அதிகம்.

பரபரவென்று பரவியதில் அவள் ஓரிடத்திலும் காவல் கப்பல் நிறுத்தவில்லை. நாளை மாதா கோவில் பூசையில் சாமியார் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லும்போது, அவளைப் பார்த்து முறையாகக் கைகூப்புவேன். வீடு திரும்பியதும் படையெடுப்பேன்.